பணயக்கைதிக் கதையில் ஒரு பட்டாளத்துக்காரர்: நெல்லைக் களத்தில் த்ரில்லர் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவலோ, வெப் சீரிஸோ, முழுநீளப் படமோ, இந்த வகைக் கதைக்கு எலும்புக்கூடு ஒன்றுதான். ராணுவத்தில் அடிபட்ட மனத்தோடு ஊர் திரும்பிய ஒருவர் ஒரு கட்டிடத்துக்குள் மாட்டிக்கொள்கிறார். உள்ளே ஆயுதத்தோடு சிலர், வெளியே போலீஸ். கீழே உள்ள பதில்களுக்கு ஓர் உதாரணக் கதையை வைத்துக்கொள்வோம்: சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே சாலையோரத்தில் ஒரு வங்கிக் கிளை, நகைக்கடன் கூட்டம் நிறைந்த காலை நேரம், துப்பாக்கியோடு 3 பேர், உள்ளே 11 பேர். அந்த 11 பேரில் ஒருவர் நம் ஆள்.

கதாநாயகனுக்கு என்ன வயது வைப்பது? எந்தப் போரிலிருந்து வந்தவர்?

கதை நடக்கும் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாதி கதைகள் இந்தக் கணக்கிலேயே சறுக்குகின்றன. 1999-இல் கார்கிலில் 20 வயது சிப்பாயாக இருந்தவருக்கு 2025-இல் 46 வயது. அவரை 30 வயது இளைஞராகக் காட்ட முடியாது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் 1987-இலேயே 20 வயதில் போனவர் என்றால் 58. காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் (தீவிரவாதிகளை எதிர்க்கும் ராணுவப் பிரிவு) பணி என்றால் கணக்கு வசதியாக அமையும். 2005-இல் 19 வயதில் சேர்ந்து, 17 ஆண்டு முடித்து, 2022-இல் 36 வயதில் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர் அவர். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு சேவை வேண்டும்.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால் 4 ஆண்டுதான். நான்கில் ஒருவரையே நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முதல் அணி வெளியே வருவது 2026 கடைசியில். கதை அதற்குப் பிறகு நடந்தால், பணயம் பிடிக்கும் கும்பலில் ஒருவனையே அப்படி வைத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் மூத்தவர் அவன் துப்பாக்கி பிடிக்கும் பிடியிலேயே அவனை அடையாளம் கண்டுகொள்வார். வசனமே தேவைப்படாது.

எங்கள் தேர்வைக் கேட்டால் அமைதிப்படைக்காரரைத்தான் சொல்வோம். அந்தப் போரில் இந்திய ராணுவம் இழந்தது ஏறத்தாழ 1,200 பேரை. மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அங்கே போயின. தமிழ் பேசும் வீட்டுக்குள் தமிழ் பேசும் சிப்பாய் துப்பாக்கியோடு நுழைந்த போர் அது. 58 வயதுக்காரரால் சுவர் ஏறிக் குதிக்க முடியாதுதான். ஆனால் உங்கள் கதைக்குச் சுவர் ஏறுவது அவ்வளவு முக்கியமா?

அவர் கமாண்டோவாக இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். பணயக்கைதி மீட்பு தனிப் பயிற்சி. தேசியப் பாதுகாப்புப் படையில் அதைச் செய்யும் சிறப்பு அதிரடிப் பிரிவுக்கு ராணுவத்திலிருந்து ஆட்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் போய் வருவார்கள். சாதாரணக் காலாட்படை ஹவில்தாருக்குத் தெரிந்தது வேறு: ஊரைச் சுற்றி வளைத்துத் தேடுவது, பதுங்கி இருப்பது, காவல் நிற்பது, அடிபட்டவனைத் தூக்கி வருவது. அவருக்கு அறை, வாசல், சன்னல், நிழல் எல்லாம் படிக்கத் தெரியும். ஆனால் 11 சிவிலியன்கள் நடுவே நிற்கும் ஒருவனை மட்டும் சுட்டு வீழ்த்தும் பயிற்சி கிடையாது. தனக்கு அது இல்லை என்று தெரிந்த ஆள்தான் சுவாரசியமான கதாநாயகன்.

ரேங்க் வரிசையைத் தப்பாக எழுதாதீர்கள். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். மேஜர் வேறு, சுபேதார் மேஜர் வேறு. ஊரில் எல்லோரும் அவரை ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் ரேங்க் யாரும் கேட்பதில்லை.

அவர் வங்கிக்குள் இருப்பதற்கு நம்பும்படியான காரணம்?

மூன்று காரணங்கள் இயல்பாக அமையும். வங்கிக் காவலாளியாகவே இருக்கலாம். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் நிறையப் பேர் அந்த வேலைக்குப் போகிறார்கள். இரண்டாவது, நவம்பர் மாதம் பென்ஷனுக்கான ஆயுள் சான்று கொடுக்க வந்திருக்கலாம். மூன்றாவது, மனைவியின் நகையைத் திருப்ப வந்திருக்கலாம்.

காவலாளி என்றால் கும்பல் முதலில் மடக்குவது அவரைத்தான், துப்பாக்கி அடுத்த நொடியே பறிபோகும். நகை திருப்ப வந்தவர் என்றால் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பெட்டகத்து நகைக்காக வந்த கும்பலிடம் அவருடைய நகையும் மாட்டிக்கொண்டிருக்கும். த்ரில்லருக்கு இதுவே நல்லது.

வங்கிக் கட்டிடத்தில் எதையெல்லாம் சரியாகக் காட்ட வேண்டும்?

வாசல் கிரில் கேட்டைச் சங்கிலி போட்டுப் பாதிதான் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்தோ ஒதுங்கியோ நுழைய முடியும். கும்பல் கூட்டமாகப் பாய்ந்து நுழைவதாக எழுதினால், அங்கேயே கணக்கு வைத்திருக்கும் வாசகர் சிரிப்பார். அதே சங்கிலிதான் பின்னால் போலீஸையும் தடுக்கும்.

பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடமோ வேறொரு அதிகாரியிடமோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இரண்டாவது சாவிக்காரர் அன்று கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தால் கொள்ளை பணயமாக மாறும். இந்த ஒரு காரணம் போதும், வேறு சதி தேவையில்லை. கொள்ளையடிக்க வந்து சிக்கிக்கொண்ட கும்பலுக்குத் திட்டம் கிடையாது. தப்பிக்க வேண்டும் என்ற பதற்றம் மட்டும் உண்டு. தொடக்கத்தில் அவர்கள்தான் மிக ஆபத்தானவர்கள், நேரம் போகப் போகப் பேசிக் கரைக்க எளிதானவர்களும் அவர்களே.

துப்பாக்கி பற்றிச் சொல்லுங்கள்.

ஓய்வுபெறும்போது யாரும் ராணுவத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பெட்டியின் அடியில் ஏ.கே. 47 மறைத்து வைத்திருந்தார் என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. முன்னாள் ராணுவத்தினரிடம் இருக்கக்கூடியது லைசென்ஸ் வாங்கிய 12 போர் இரட்டைக்குழல். இரண்டு தோட்டா, அப்புறம் மடக்கித் திறந்து மாற்ற வேண்டும். பழகிய கைக்கும் சில நொடி பிடிக்கும், நடுங்கும் கைக்கு அதற்கு மேல். ரவைச் சிதறல் தோராயமாக ஒரு கெஜத் தூரத்துக்கு ஓர் அங்குலம். கவுன்டரின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுட்டால் கையகலம்கூட விரியாது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என்றால் பக்கத்தில் நிற்பவருக்கும் படும். இதைத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் சுடாமல் இருக்கிறார் என்று காட்டுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் மட்டும் கவனிக்கும் ஒரு விஷயம்: தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்குக் கிடைக்கும். கதையை ஏப்ரல், மே தேர்தல் காலத்தில் வைத்தால் நாயகன் வெறுங்கையோடு இருப்பதற்குக் காரணம் தானாகக் கிடைத்துவிடும்.

மன அதிர்ச்சியின் அறிகுறிகளை எப்படிக் காட்டுவது? தினமும் கத்திக்கொண்டே எழுந்திருப்பாரா?

கத்திக்கொண்டு எழுவது ஒருமுறை போதும். பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. அதன் அறிகுறிகள் நான்கு வகை: வேண்டாத நினைவு தானாக வந்து மோதுவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போய்க் குற்ற உணர்வில் கிடப்பது, உடம்பு எப்போதும் உஷாராக இருப்பது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்பார்கள். சிலருக்குச் சம்பவம் முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு முழுசாகத் தலையெடுக்கும்.

எழுத்தாளருக்கு அதிகம் உதவுவது தவிர்ப்புதான். எல்லோரும் விட்டுவிடுவதும் அதையே. தங்கை மகள் சடங்குக்குப் போகாதவர், போனாலும் பந்தியில் வாசலைப் பார்த்த நாற்காலியைத் தேடுபவர். சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு மேளம் கட்டும் அன்று, வரி கொடுத்துவிட்டு, வயலுக்குப் போகிறேன் என்று கிளம்பி இரவு முழுக்கப் பம்ப்செட் அறையில் படுத்திருப்பவர். தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பவர். ராணுவக் கேன்டீன் சரக்கைத் தூக்கத்துக்கு மருந்தாக்கிக்கொண்டவர். பிள்ளை பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்குக் கையை முறுக்கிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் இருப்பவர். ஊர் இதற்கு ‘கோவக்காரன்’, ‘ஒருமாதிரி’ என்று பெயர் வைத்திருக்கும். வீட்டில் கோடாங்கி பார்த்திருப்பார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ‘பொத்தானை அமுக்கினால் கொலைகாரன்’ என்ற மாதிரி எழுதினால், நிஜத்தில் இதோடு வாழ்கிறவரை வேலைக்கு எடுக்க யோசிக்கும் ஆட்களுக்கு இன்னொரு சாக்குக் கொடுக்கிறீர்கள்.

ஃப்ளாஷ்பேக்கை எப்படி எழுதுவது?

சினிமா ஃப்ளாஷ்பேக் கதை சொல்லும், முதலும் முடிவும் இருக்கும். நிஜத்தில் வருவது துண்டு. பெரும்பாலும் ஒரு புலன்வழி, பல நேரம் மூக்கு வழியாக வரும். சில நொடி அல்லது சில நிமிடம் இருக்கும். அது ‘அப்போது நடந்தது’ என்ற உணர்வு அவருக்கு இராது, இப்போதே நடக்கிறது. அதனால் இறந்தகால வினையை விட்டுவிடுங்கள், விளக்கத்தையும் விட்டுவிடுங்கள். இப்படி:

“தரையில் பினாயில். ஈரக் கம்பளி நாற்றம். யாரோ தண்ணீர் கேட்கிறான். நாயக், அசையாதே. பூட்ஸுக்குள் பனி. மேனேஜரின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. கடிகாரம் 11:20. முன்பு பார்த்தபோது 11:16.”

தொலைந்த அந்த நான்கு நிமிடம்தான் கதைக்கு வேண்டியது. பணயச் சம்பவத்தில் போலீஸின் ஆயுதம் நேரம். இழுக்க இழுக்க வெளியே இருப்பவருக்கு லாபம். உள்ளே இருக்கும் நம் ஆளிடமோ நேரம் நம்பிக்கையாக இல்லை. காஷ்மீர்க்காரர் என்றால், அவருக்கு அங்கே கழிந்த 2009-உம் இன்றைக்கும் ஒரே அறையில் இருக்கிறது. கும்பலை விடக் கடிகாரத்தைத்தான் அவர் ஜெயிக்க வேண்டும். மீண்டு வர நிஜத்தில் சொல்லிக்கொடுக்கும் வழிகள் எளியவை: பாதத்தைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படும் ஐந்து பொருளைப் பெயர் சொல்வது, குளிர்ந்த எதையாவது கையில் பிடிப்பது. கவுன்டரின் கிரானைட் விளிம்பு போதும்.

நம் பகுதியில் எதெல்லாம் தூண்டுதலாக இருக்கும்?

தீபாவளி வெடி எல்லோருக்கும் தோன்றும். இங்கே வருஷம் முழுக்கவும் வெடி உண்டு: கொடை அதிர்வேட்டு, கல்குவாரி. குவாரியில் வெடி வைக்கும் முன் எச்சரிக்கை ஒலி வரும், பிறகு ஓர் அமைதி, பிறகுதான் அதிர்வு. சத்தத்தை விட அந்த அமைதியே அவரைக் கொல்லும். ராணுவத்தில் ஓடும் லாரிகளில் ஒன்று அசோக் லேலண்ட் ஸ்டாலியன். குவாரி டிப்பர்களிலும் அதே கம்பெனி வண்டிகள் ஓடுகின்றன. டீசல் ஜெனரேட்டர் புகை, காற்றாலைக்குக் கீழே விட்டுவிட்டு விழும் இறக்கை நிழல், மழை நாளில் பழைய கம்பளி. ஒன்றோ இரண்டோ போதும். ஏழெட்டு வைத்தால் பட்டியல் ஆகிவிடும்.

நெருக்கடி வந்ததும் அவர் முடங்கிப்போவாரா, புலியாவாரா?

இரண்டும் இல்லை. இப்படிப்பட்ட பலர் ஆபத்து நேரத்தில் மற்றவர்களை விட நிதானமாக இருப்பார்கள். எப்போதும் சண்டைக்குத் தயாராக இருக்கும் உடம்புக்கு ஒருவழியாகச் சண்டை வந்துவிட்டது. ஊரில் எல்லாம் சரியாக இருந்தபோது பொருந்தாமல் நின்றவர் இங்கே பொருந்துகிறார். அதைக் கண்டு அவரே வெட்கப்படுவார். உடைவது பிறகுதான். கதவு திறந்து, ஆம்புலன்ஸில் யாரோ போர்வை போர்த்தியபின்.

உடம்பிலும் சில மாற்றங்கள் வரும். பார்வை குறுகும், பக்கத்துச் சத்தம் கேட்காமல் போகும், விரல்களின் நுண்வேலை போய்விடும். சாவியைத் துவாரத்தில் நுழைப்பது, சின்ன முடிச்சு அவிழ்ப்பது, போனில் எண் அழுத்துவது எல்லாம் கஷ்டம். கை நடுங்காமல் வயர் வெட்டும் காட்சியை எழுதும் முன் யோசியுங்கள்.

வெளியே யார், எவ்வளவு நேரத்தில் வருவார்கள்?

முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வருவது பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் இரண்டு மூன்று காவலர்களும். லத்தி, ஒன்றிரண்டு துப்பாக்கி. அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கூட்டத்தை விலக்கிச் சுற்றி நிற்பது, உள்ளே போகாமல் இருப்பது. அரை மணி, முக்கால் மணியில் டி.எஸ்.பி. அதற்கடுத்து மாவட்ட எஸ்.பி., ஆயுதப்படை, வெடிகுண்டு நிபுணர்கள். திருநெல்வேலி மாநகருக்குள் நடந்தால் பொறுப்பு போலீஸ் கமிஷனருக்கு, நம் வங்கி போல வெளியே என்றால் எஸ்.பி.க்கு. இந்த எல்லையைக் குழப்புவது எழுதுவோரின் வாடிக்கை.

பக்கத்திலேயே மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படை பட்டாலியன்கள் இருக்கின்றன. ஆட்களுக்குப் பஞ்சம் வராது. ஆனால் அவர்கள் மீட்புப் பயிற்சிக்காரர்கள் அல்லர். மாநிலக் கமாண்டோ படை சென்னையிலிருந்து வர வேண்டும். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி, சாலை வழி வந்து, இடத்தைப் பார்த்துத் தயாராக, எல்லாம் சேர்த்து ஐந்து ஆறு மணி நேரம் வையுங்கள். தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னையில் மையம் இருக்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009-இல் வந்தது. மாநில அரசு கேட்டு, டெல்லி ஒப்புக்கொண்டால்தான் அது கிளம்பும். மூன்று கொள்ளைக்காரர்களுக்காக அது வராது. அந்தப் படையின் கறுப்புப் பூனைகளைக் காட்ட ஆசை இருந்தால் கும்பலின் நோக்கத்தை மாற்றுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 போன்ற வெள்ளத்தில் வைத்தால் இந்த நேரக் கணக்கு மொத்தமும் உடையும். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி பாலத்தைத் தாண்டி யாரும் வர முடியாத இரவு ஒரு த்ரில்லருக்கு வரம்.

பேச்சுவார்த்தைக் காட்சியில் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கலை 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 11 இஸ்ரேலியர்கள் இறந்த பிறகு, 1973-இல் நியூயார்க் போலீஸில் முறையான பயிற்சியாக உருவானது. முதல் விதி: பேசுகிறவர் முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. எஸ்.பி. தானே போனில் பேசினால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்போதே ஆமாம், இல்லை சொல்ல வேண்டிவரும். ஓர் இன்ஸ்பெக்டர் பேசினால், “மேலே கேட்டுச் சொல்லுதேன்” என்றே ஒரு மணி நேரம் வாங்கலாம். அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார், மூன்றாமவர் நேரத்தோடு எல்லாவற்றையும் குறிப்பார்.

ஒரேயடியாக ‘முடியாது’ என்பதில்லை. கெடு வைத்தால் அதைத் திரும்பச் சொல்லி நினைவூட்டுவதில்லை. கெடு நேரம் வரும்போது வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், சாப்பாடு, தண்ணீர், ஏ.சி. எதைக் கொடுத்தாலும் பதிலுக்கு ஒன்று வாங்க வேண்டும், முடிந்தால் ஓர் ஆள். ஆயுதம், சாராயம் கொடுப்பதில்லை. ஒரு பிணைக்குப் பதில் இன்னொருவரை அனுப்புவதும் இல்லை. ‘அவர்களை விடு, என்னைப் பிடித்துக்கொள்’ என்று டி.எஸ்.பி. சட்டையைக் கழற்றும் காட்சி கைதட்டலுக்கு மட்டும்தான். சொன்னதையே திருப்பிச் சொல்லுதல், உணர்ச்சிக்குப் பெயர் வைத்தல், இடையிடையே சும்மா இருத்தல், இவைதான் கருவிகள். படிக்க மந்தமாகத் தெரியும், நன்றாக எழுதினால் துப்பாக்கிச் சண்டையை விட இறுக்கம் கூடும்.

நோயும் மருந்தும் நல்ல வாசல். 2012 ஏப்ரல் 21 அன்று சத்தீஸ்கரின் சுக்மா கலெக்டர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். நம் பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்காரர் அவர். பாதுகாவலர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அவருக்கு ஆஸ்துமா, மருந்து காட்டுக்குள் போனது. பிறகு இரு பக்கமும் இரண்டிரண்டு தூதர்களை வைத்துப் பேசி, மே 3-இல் விடுவித்தார்கள். உங்கள் வங்கிக்குள் இன்சுலின் போடும் ஓர் ஆச்சி இருந்தால் போதும்.

பணயம் பிடித்தவனின் அம்மாவைக் கூட்டிவந்து மைக்கில் பேச வைக்கலாமா?

படத்தில் எப்போதும் அம்மா அழுவாள், மகன் துப்பாக்கியைக் கீழே போடுவான். நிஜத்தில் தயங்குவார்கள். அவன் கோபத்துக்கே அந்த வீடுதான் காரணமாக இருக்கலாம். சாகத் துணிந்தவன் விடைபெறுவதற்காகவே அம்மாவைக் கேட்பதும் உண்டு. அம்மாவிடம் முதலில் விவரம் கேட்டு, குரலைப் பதிவுசெய்து, கேட்டுப்பார்த்து, பிறகுதான் யோசிப்பார்கள்.

நெல்லைப் பேச்சை எவ்வளவு போடுவது?

யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பார்த்துப் போடுங்கள். எல்லா வரியிலும் ‘ஏலே’ போட்டால் மிமிக்ரி ஆகிவிடும். கும்பல் பையன் சமவயதுக்காரனிடம், “ஏலே, போனை வையில.” பேச்சுக்கு வந்த இன்ஸ்பெக்டர் அவனிடம், “தம்பி, நீங்க சொல்லுதது கேக்குது. கொஞ்சம் பைய சொல்லுங்க.” ஆச்சி தன் வீட்டுக்காரருக்காக அதே பையனிடம், “எய்யா, அவியளுக்குச் சுகர் கூடிப்போச்சு. ஒரு செம்பு தண்ணி குடுத்துக்கிடுதேன்.” ஆச்சி ‘எய்யா’ என்றதும் அவன் ஒரு நொடி தடுமாறுவான், அதை வசனமாக்காமல் செயலில் காட்டுங்கள். நம் ஆள் பட்டாளத்தில் இந்தி கலந்து பேசியவர். பதற்றத்தில் “சாப்” என்றோ “ஜல்தி” என்றோ வாயில் வந்துவிடும், அவர் யாரென்று கும்பலுக்குத் தெரிவது அப்படித்தான். மேனேஜர் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்பார். மேனேஜர் வெளியூர் என்றால் ‘சார்’.

கும்பலின் பெயர், தெரு, கோயில், கையில் கட்டிய கயிற்றின் நிறம் எல்லாம் இங்கே சாதி சொல்லும். தெரியாமல் ஒரு நிறத்தை எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் கொடுக்க வேண்டாம்.

டி.வி., வாட்ஸ்அப் நேரலை?

2010 ஆகஸ்ட் 23, மணிலா. வேலை போன ஒரு போலீஸ் அதிகாரி சுற்றுலாப் பஸ்ஸைப் பிடித்து வைத்தார். பஸ்ஸுக்குள் டி.வி. இருந்தது. சகோதரரை போலீஸ் இழுத்துப்போவதை நேரலையில் பார்த்து வெறியானார். முடிவில் ஹாங்காங் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மும்பைத் தாக்குதல் அனுபவத்துக்குப் பின், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது என்று 2015-இல் கேபிள் டி.வி. விதி வந்தது. எதிர் மாடியிலிருந்து செல்போனில் எடுக்கும் கல்லூரி மாணவனை அந்த விதி எட்டுமா என்பது வேறு. உங்கள் கதையில் அவன் ஒருவன் போதும்.

ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்?

பிடித்து வைத்தவன் மீதே பிணையாளுக்குப் பரிவு வருவது. 1973-இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் ஆறு நாள் நடந்த சம்பவத்தால் வந்த பெயர். நிஜத்தில் அபூர்வம். காதலாக்காதீர்கள்.

உள்ளே புகும் காட்சியை எப்படி எழுத?

சில நிமிடம் கூட ஆகாது, நொடிக்கணக்குதான். கண்ணைக் குருடாக்கும் ஒளியும் 170 டெசிபலுக்கு மேல் சத்தமும் எழுப்பும் குண்டைப் போடுவார்கள், அதன் விளைவு சில நொடியே. அந்தச் சத்தம் நம் ஆளை எங்கே கொண்டுபோகும் என்பதுதான் உச்சக்காட்சி. உள்ளே நுழைபவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. கையில் பறித்த துப்பாக்கியோடு நிற்கும் எவரும் அவர்களுக்கு இலக்கு. அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய வீரம் துப்பாக்கியைக் கீழே போட்டு, கைகளை விரித்து, குப்புறப் படுப்பது. உடம்பு முழுக்க எதிர்மாறாகக் கத்தும்போது அதைச் செய்வது.

காயங்கள்?

தோளில் குண்டு என்றால் ஒன்றுமில்லை என்று சினிமா சொல்கிறது. தோளில் பெரிய ரத்தக்குழாயும் கைக்கான நரம்புக்கூட்டமும் ஓடுகின்றன, கை நிரந்தரமாகப் போகலாம். தொடைக் குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். காயத்துக்கு மேலே நாலு விரல் அகலம் தள்ளித் துண்டால் கட்டி, குச்சி செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுத வேண்டும். வெறும் பெல்ட் பெரும்பாலும் போதாது, இறுக்கம் நிற்காது. நம் ஆள் இதைத் தூக்கத்திலும் செய்வார். அவருடைய பயிற்சி முதலில் ஓர் உயிரைக் காப்பாற்றப் பயன்படட்டும்.

அவர் ஒருவனைக் கொன்றுவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

எஃப்.ஐ.ஆர். வரும், விசாரணை வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு, கடத்தல் போன்ற சில நிலைகளில் தற்காப்பு உரிமை உயிரைப் பறிக்கும் வரை நீளும் என்கிறது. ஆனால் ஆயுதம் பறித்து, கையைக் கட்டியபின் அடித்தால் அந்த உரிமை இல்லை. அந்த நொடியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டாம் பாகம் எழுதலாம். ஆளைப் பிடித்து வைத்துக் கொல்வதாக மிரட்டி அரசையோ பிறரையோ பணிய வைப்பவருக்கு அதே சட்டத்தின் 140(2)-ஆம் பிரிவு, மரண தண்டனை வரை.

மாஞ்சோலை, கூடங்குளம் என்று பெரிய களமாக வைக்கலாமா?

கூடங்குளம் அணுமின் நிலையம் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிறது. மூன்று பேர் உள்ளே புகுந்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மாஞ்சோலை சாலை நல்ல களம்: மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டினால் ஒரே வழி, பல வளைவில் போன் எடுக்காது, ஒரு பஸ் நின்றால் எல்லாம் நின்றது. ஆனால் அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். படம் எடுக்க அனுமதி கிடைக்கும் என்று நம்பித் திரைக்கதை எழுதாதீர்கள். நாவலுக்குத் தடையில்லை.

படமாக எடுத்தால்?

ராணுவத்தைக் காட்டும் படங்களுக்குத் தடையின்மைச் சான்று வாங்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. படை வாழ்க்கையைச் சிறு துண்டுகளாக வைத்தால் சிக்கல் குறையும். 2024 முதல் யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரிவுகள். ரத்தத்தைக் குறைத்து 16+ வாங்கினால் டி.வி. உரிமை விற்கும், ‘ஏ’ என்றால் விற்காது. துப்பாக்கி எல்லாம் டம்மியாக இருக்கட்டும், தீப்பொறியை சி.ஜி.யில் சேருங்கள். 2021-இல் அமெரிக்காவில் ஒரு படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் இறந்தது உண்மைத் தோட்டா செட்டுக்குள் வந்ததால்தான். சாலையில் டம்மியோடு ஓடும் காட்சி என்றால் முன்கூட்டியே ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் அவர் குணமாகிறாரா?

ஒரு சண்டையால் ஆகாது. வில்லனை வென்றதும் கனவு நின்றது என்பது நோயைப் பற்றிச் சொல்லும் பொய். சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை நேராகப் பேசி அணுகும் உளவியல் சிகிச்சை வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. கண்ணசைவை வைத்துச் செய்யும் முறையும் உண்டு. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். பென்ஷன்காரருக்கு முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் இருக்கிறது. யாருக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை இருக்கிறது, போனில் மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. நோய் படைப்பணியால் வந்தது அல்லது முற்றியது என்று நிரூபணமாகி, ஊனம் 20 சதவீதமாவது இருந்தால் ஊன ஓய்வூதியம் கேட்கலாம். அவர் இத்தனை வருஷம் கேட்காததற்கு, மருத்துவப் பிரிவு குறைந்தால் பதவி உயர்வு போகும் என்ற பழைய பயம் காரணமாக இருந்திருக்கும்.

எழுதி முடித்த பிரதியை யாரிடம் காட்டுவது?

ஓய்வுபெற்ற நாயிப் சுபேதார் ஒருவர், மனநலப் பிரிவில் வேலைபார்த்த செவிலியர் ஒருவர், கிராம ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஒருவர். ஆபீசர்களை விட இவர்கள் நேரடியாகச் சொல்வார்கள். மூவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.